விலையில்லாக் கருவியும் விழிப்புற்ற வகுப்பறையும்

நுழையும்முன்

ஓலைச்சுவடி, அச்சுநூல், வானொலி, தொலைக்காட்சி எனக் கற்பிக்கும் கருவிகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. இன்று இணையத்தில் விலையின்றிக் கிடைக்கும் கருவிகள் வகுப்பறைக்குள் நுழைந்துள்ளன. அவை மாணவரைப் பார்வையாளராகவே வைத்திருக்கின்றனவா, பங்கேற்பாளராக மாற்றுகின்றனவா? விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தின் பட்டறிவைக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

பாட்டில் ஓர் ஊர்

திண்டிவனம் நகரில் கிடங்கல் என்றொரு பகுதி உண்டு. நாள்தோறும் அவ்வழியே பள்ளிக்குச் செல்லும் மாணவர்க்கு அது பழகிப்போன ஓர் இடப்பெயர். சங்க காலத்திலோ அது கிடங்கில் என வழங்கப்பெற்ற ஓய்மாநாட்டுத் தலைநகர். அந்நாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியதே சிறுபாணாற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய இந்நூல் 269 அடிகளை உடையது. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்ப்பட்ட மற்றொரு பாணனிடம் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் ஆகிய ஊர்களைக் கடந்து நல்லியக்கோடனின் நகரை அடையுமாறு வழி கூறுகிறான்.

இப்பாட்டை வகுப்பறையில் இரு வகையாகக் கற்பிக்கலாம். ஆசிரியர் பொருள் கூற, மாணவர் அடிக்கோடிட்டுக் குறித்துக்கொள்வது ஒரு வகை. மாணவரைக் குழுக்களாகப் பிரித்து, பாட்டின் மூலத்தை மதுரைத் திட்டத்தின் மின்னூலிலிருந்தும், நிலப்படத்தை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் திறந்தநிலை வரைபடத்திலிருந்தும் எடுத்துக்கொடுத்து, பாணன் நடந்த வழியை வரையச் சொல்வது மற்றொரு வகை. இரண்டும் இணையத்தில் விலையின்றிக் கிடைப்பவையே.

இரண்டாம் வகை வகுப்பில் விரைவிலேயே ஒரு வழக்கு எழும். எயிற்பட்டினம் எது? வேலூர் எது? மாவட்டத் தலைநகராகிய வேலூரைச் சிலர் சுட்டக்கூடும். ஆனால் அது கடற்கரையிலிருந்து வெகுதொலைவில், இவ்வழிக்குப் பொருந்தாத திசையில் உள்ளது என்பதை வரைபடமே காட்டிவிடும். எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்றும், வேலூரை உப்புவேலூர் என்றும் அறிஞர் கருதுவர். அவ்வாறு கருதுவதற்கு அடிப்படை யாது? எயிற்பட்டினத்தில் பரதவர் மீன் விருந்தளிப்பதாகப் பாட்டுக் கூறுகிறது. மரக்காணமோ கடலும் உப்பளமும் சூழ்ந்த ஊர். வேலூரில் எயினர் புளிச்சோறும் ஊனும் படைக்கின்றனர். ஆமூரில் உழவர் வெண்சோறும் நண்டும் அளிக்கின்றனர். உணவு மாறுந்தோறும் நிலமும் மாறுகிறது. நெய்தலில் தொடங்கி மருதத்தை நோக்கிச் செல்லும் வழியை மாணவர் தம் விரலாலேயே தொட்டு அறிகின்றனர்.

பாடம் ஒன்றே, பாட்டும் ஒன்றே. முதல் வகுப்பில் மாணவர் விடையைப் பெற்றுக்கொண்டனர். இரண்டாம் வகுப்பில் விடைக்குச் சான்று தேடினர். இணையக் கருவி வகுப்பறைக்கு ஏதேனும் ஆற்றலைத் தருமாயின் அது இதுதான்: மாணவரை முடிவெடுக்க வைப்பது.

விலையின்மையும் கட்டின்மையும்

ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிக்கப்படும் இரு கருத்துகளைத் தமிழ் இரு சொற்களால் தெளிவாக வேறுபடுத்துகிறது. பணம் செலுத்தாமல் பயன்படுத்தத்தக்கது கட்டணமில்லா மென்பொருள். பயன்படுத்தவும், அதன் அமைப்பை ஆராயவும், மாற்றியமைக்கவும், பிறரோடு பகிரவும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள். 1983ஆம் ஆண்டு ரிச்சர்டு ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தபோது இவ்வுரிமையையே முன்வைத்தார்.

வகுப்பறைக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. கட்டணமில்லாச் செயலி ஒன்றை அதன் நிறுவனம் எப்பொழுது வேண்டுமாயினும் நிறுத்தலாம், கட்டணம் விதிக்கலாம், இடையிடையே விளம்பரத்தைப் புகுத்தலாம். ஆசிரியர் ஓராண்டு உழைத்து உருவாக்கிய பாடங்கள் ஒரே நாளில் பூட்டப்படவும் கூடும். கட்டற்ற வளமோ ஒரு முறை பெற்றால் பள்ளிக்கே உரியதாகிவிடும். எனவே, கருவியைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் விலையை மட்டும் பார்த்தல் போதாது. உரிமையையும் பார்த்தல் வேண்டும்.

தமிழ்க் கல்விக்கு இவ்வகையில் வாய்த்த முன்னோடி, மதுரைத் திட்டம். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற இத்திட்டத்தைச் சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் கருதாது தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து, இணையத்தில் ஏற்றினர். விலையின்றிக் கிடைக்கும் ஒவ்வொரு நூலின் பின்னும் யாரோ ஒருவரின் உறங்காத இரவு இருக்கிறது.

தெரியுமா?

உங்கள் பாடநூலில் இடம்பெறும் விரைவுக் குறியீடு 1994ஆம் ஆண்டு ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தின் பொறியாளர் மசாகிரோ ஹாரா தலைமையில் உருவாக்கப்பெற்றது. மகிழுந்து உதிரிபாகங்களை அடையாளங்காண்பதே அதன் முதல் நோக்கம். மூன்று மூலைகளிலுள்ள சதுரங்கள், குறியீடு எத்திசையில் இருப்பினும் அதனைக் கருவி இனங்காண உதவுகின்றன. காப்புரிமை பெற்றிருந்தும் அந்நிறுவனம் பிறர் அதனைப் பயன்படுத்துவதைத் தடுக்கவில்லை. அதனாலேயே அது உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு வெளிவந்த புதிய பாடநூல்களில் இக்குறியீடு இடம்பெற்று, தீக்ஷா தளத்திலுள்ள வளங்களோடு நூலை இணைத்தது.

ஒரு மின்விளக்கும் ஒரு வினாவும்

கருவி எவ்வாறு சிந்தனையைத் தூண்டுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். மின்கலத்தோடு ஒரு விளக்கை இணைத்தால் அது எரிகிறது. விளக்கினுள் செல்லும் மின்னோட்டத்தைவிட, விளக்கிலிருந்து வெளியேறும் மின்னோட்டம் குறைவாக இருக்குமா? மாணவருள் பலர், 'ஆம், விளக்கு ஒரு பகுதியைச் செலவிட்டுவிடும்' என்றே எண்ணுவர். இது உலகெங்கும் காணப்படும் பிழைக்கருத்து.

2001ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஃபெட் என்னும் திட்டத்தைத் தொடங்கினார். அறிவியல் நிகழ்வுகளைத் திரையில் செய்துபார்க்க உதவும் பாவிப்புகளை இத்திட்டம் விலையின்றி வழங்குகிறது. அதிலுள்ள மின்சுற்றுப் பாவிப்பில் மாணவர் கம்பியையும் கலத்தையும் விளக்கையும் இழுத்து இணைக்கலாம். விளக்கின் முன்னும் பின்னும் அம்மீட்டரைப் பொருத்தினால் இரண்டும் ஒரே அளவையே காட்டும். செலவாவது மின்னோட்டம் அன்று. ஆற்றலே ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுகிறது.

இங்குக் கவனிக்கத்தக்கது செயல்களின் வரிசை. ஆசிரியர் முதலிலேயே பாவிப்பை இயக்கிக் காட்டிவிட்டால் மாணவர், 'அப்படித்தான் இருக்கும்' என்று தலையசைத்துவிடுவர். பழைய பிழைக்கருத்து உள்ளே அப்படியே உறங்கும். மாறாக, முதலில் ஒவ்வொருவரும் தம் ஊகத்தை ஏட்டில் எழுத வேண்டும். அடுத்து, பக்கத்திலிருப்பவரோடு வாதிட வேண்டும். அதன்பின்னரே பாவிப்பை இயக்க வேண்டும். ஊகம் பொய்த்த அந்நொடியில் மாணவர் மனத்தில் எழும் வியப்பே கற்றலின் தொடக்கம். முன்னுரைத்தல், செய்துபார்த்தல், விளக்குதல் என்னும் மூன்று படிகளும் அமைந்தால் ஐம்பது மாணவர்க்கு ஒரே திரை இருப்பினும் போதும்.

கணிதத்திற்கும் இது பொருந்தும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001ஆம் ஆண்டு சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவாக்கத் தொடங்கிய ஜியோஜீப்ரா, இயற்கணிதத்தையும் வடிவியலையும் ஒரே திரையில் இணைக்கிறது. பரவளையத்தின் சமன்பாட்டிலுள்ள கெழுவை ஒரு நழுவலால் கூட்டியும் குறைத்தும் பார்க்கையில் வளைவு விரிவதையும் குறுகுவதையும் மாணவர் காண்கின்றனர். கெழு சுழியை அடையும்போது வளைவு என்னாகும் என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்திருக்கும் ஆசிரியரே அக்கருவியின் பயனை முழுமையாக்குகிறார்.

ஒரே திறன்பேசி போதும்

'எங்கள் மாணவரிடம் கருவிகள் இல்லையே' என்பது அரசுப் பள்ளி ஆசிரியர் பலரின் நியாயமான கவலை. இதற்கும் வழி உண்டு. பிளிக்கர்ஸ் என்னும் கருவியின் அடிப்படைப் பயன்பாட்டிற்குக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு மாணவர்க்கும் குறியீடு அச்சிட்ட ஒரு தாள் அட்டை அளிக்கப்படும். அட்டையின் நான்கு பக்கங்களும் நான்கு விடைகளைக் குறிக்கும். ஆசிரியர் வினாவைக் கூறியதும் மாணவர் தாம் கருதும் விடை மேலே அமையுமாறு அட்டையைத் திருப்பிப் பிடிப்பர். ஆசிரியரின் திறன்பேசி வகுப்பு முழுவதையும் ஒரு முறை நோக்கி, யார் எவ்விடையைத் தேர்ந்தனர் என்பதைப் பதிவுசெய்துவிடும்.

இம்முறையில் ஒரு நுண்ணிய நன்மையும் உண்டு. அட்டைகள் வெவ்வேறானவை, எனவே அருகிலிருப்பவர் எவ்விடையைக் காட்டுகிறார் என்பதை எளிதில் அறிய இயலாது. கையுயர்த்தக் கூச்சப்படும் மாணவி தவறு நேருமோ என்னும் அச்சமின்றி விடை கூறலாம். வழக்கமாக விடை சொல்லும் நால்வரின் குரலுக்குப் பின்னால் மறைந்திருந்த நாற்பது பேரின் புரிதல் ஆசிரியர்க்குத் தெரியவருகிறது. பாதிப்பேர் தவறாக விடையளித்திருப்பின் பாடத்தை மீண்டும் தொடங்க வேண்டும் என்பது அப்போதே விளங்கும். தேர்வு வரை காத்திருக்க வேண்டியதில்லை.

விரைவாக விடையளிப்போர்க்கு மிகுதியான புள்ளிகள் தரும் கஹூட் போன்ற வினாடி வினாக் கருவிகளும் வகுப்பில் உவகையை உண்டாக்குகின்றன. ஆயினும் விரைவும் அறிவும் ஒன்றல்ல. ஆழ்ந்து சிந்திப்பவர் தோற்பவராகத் தோன்றும் இடத்தில் கற்றல் பந்தயமாகச் சுருங்கிவிடும். கால அளவைத் தளர்த்தியோ, குழுவாக விடையளிக்கச் செய்தோ அக்குறையைக் களையலாம்.

விழுப்புரத்தின் பட்டறிவு

திண்டிவனத்தை அடுத்த மரக்காணம் வட்டாரத்திலுள்ள கந்தாடு என்னும் சிற்றூரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி 2017ஆம் ஆண்டு நாடறிந்த பள்ளியாயிற்று. அங்குப் பணியாற்றிய ஆசிரியர் அன்னபூர்ணா மோகன், மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் ஆங்கில ஒலிப்பைத் திருத்தமாகக் கற்க வேண்டும் என்பதற்காகத் தம் நகைகளை விற்று, வகுப்பறையில் ஊடாடு திரை முதலியவற்றை அமைத்தார். குழந்தைகள் ஆங்கிலம் பேசும் காணொலிகள் முகநூல் வழியே பரவின. காணொலியைப் பகிர்ந்த தளம் கட்டணம் கேட்கவில்லை. ஆனால் அக்காணொலி உருவாவதற்கு ஓர் ஆசிரியர் தம் பொன்னை ஈந்தார்.

செஞ்சியை அடுத்த சத்தியமங்கலம் அரசுப் பள்ளியின் ஆங்கில ஆசிரியர் எஸ். திலீப், வகுப்பறையில் தகவல் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திக் கற்பித்தவர். 2020ஆம் ஆண்டு தேசிய நல்லாசிரியர் விருது பெற்ற 47 பேருள் அவரும் ஒருவர். பெருந்தொற்றுக் காலமாதலால் அவ்வாண்டு விருது விழாவே இணையவழியில் நடைபெற்றது.

அதே பெருந்தொற்று, கருவியின் எல்லையையும் உணர்த்தியது. பள்ளிகள் மூடப்பட்டபோது 2019ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தொடங்கப்பெற்றிருந்த கல்வித் தொலைக்காட்சி வீடுகளுக்குப் பாடங்களைக் கொண்டுசேர்த்தது. எனினும் ஒரே திறன்பேசி உள்ள வீட்டில் அதனைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றபின் பிள்ளைகள் எதனைக் கொண்டு கற்பர்? அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு நடந்தால் விட்டுக்கொடுப்பவர் யார்? பல வீடுகளில் விட்டுக்கொடுத்தவர் தங்கையாகவே இருந்திருப்பார் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

இழந்த கற்றலை ஈடுசெய்ய 2021ஆம் ஆண்டு அக்டோபர் 27 அன்று 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பெற்றது. அத்தொடக்க விழா நிகழ்ந்த இடம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்கு மாலைநேரத்தில் தன்னார்வலர்கள் நேரில் கற்பித்தனர். திரைவழிப் பாடங்கள் பெருகிய காலத்தின் முடிவில் அரசு தேடிச் சென்றது மனிதரையே என்பது சிந்திக்கத்தக்கது.

விலையில்லாததன் விலை

கருவிக்கு விலை இல்லை. ஆனால் மின்சாரத்திற்கும் இணைய இணைப்பிற்கும் திறன்பேசிக்கும் விலை உண்டு. ஆசிரியரின் ஆயத்த நேரத்திற்கும் விலை உண்டு. இவற்றை யார் ஏற்பது என்னும் வினாவுக்கு விடை காணாமல், 'எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறதே' என்று கூறுதல் பொருந்தாது. ஓர் ஆசிரியரின் ஈகம் போற்றத்தக்கது. ஆனால் அதுவே எல்லாப் பள்ளிகளுக்கும் வழியாகிவிட முடியாது. அரசுப் பள்ளிகளின் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் மேனிலை மாணவர்க்கு 2011ஆம் ஆண்டு முதல் வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளும் இச்சுமையைச் சமுதாயம் பகிர்ந்துகொள்ளும் முயற்சிகளாகும்.

இணைப்புத் தடைபடும் ஊர்களுக்கு ஏற்ற வழிகளும் உள்ளன. கிவிக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் விக்கிப்பீடியாவை முழுமையாகப் பதிவிறக்கி, இணையமின்றிப் படிக்க உதவுகிறது. ஜியோஜீப்ராவையும் ஃபெட் பாவிப்புகள் பலவற்றையும் முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளலாம். நகரத்தில் ஒரு முறை இறக்கி, விரலியில் ஏற்றிச் சென்றால் சிற்றூர்ப் பள்ளியிலும் பாடம் தடையின்றி நடைபெறும்.

மற்றொரு விலை கண்ணுக்குப் புலப்படாதது. பணம் கேட்காத செயலிகள் சில, பயனரின் பெயரையும் பழக்கங்களையும் திரட்டுகின்றன. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. மாணவரின் முழுப்பெயர், பிறந்தநாள், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேட்கும் செயலியைப் பயன்படுத்துமுன், 'இவ்விவரம் இதற்கு எதற்கு?' என்று வினவுதல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய கடமை.

நுகர்வோர் படைப்போராதல்

இணைய வளத்தைப் பயன்படுத்தும் மாணவர் அதனை வளர்ப்பவராகவும் உயர முடியும். 2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, தன்னார்வலர்களால் எழுதப்படும் கலைக்களஞ்சியம். விழுப்புரம் மாவட்டத்தில் எழுதுவதற்கோ பொருளுக்குக் குறைவில்லை. செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றிக் கோயில் அமைத்ததாக முதலாம் மகேந்திரவர்மனின் கல்வெட்டுப் பேசும் மண்டகப்பட்டு இம்மாவட்டத்தில் உள்ளது. மரங்கள் கல்லாய் உறைந்து கிடக்கும் திருவக்கரை இங்கேயே உள்ளது. செஞ்சிக்கோட்டையும் இங்குதான் நிற்கிறது.

தம் ஊரின் ஏரியைப் பற்றி மூன்று வரி எழுத முற்படும் மாணவர்க்கு, 'சான்று யாது?' என்னும் வினா எதிர்ப்படும். பாட்டி சொன்ன கதை, கல்வெட்டு, அரசிதழ், ஆய்வுநூல் ஆகியவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டை அவர் அப்போது உணர்வார். பிறர் எழுதியதைத் திருத்தும்போது சொல்லின் பொறுப்பையும், தாம் எழுதியதைப் பிறர் திருத்தும்போது பணிவையும் கற்பார். மதிப்பெண்ணுக்காக எழுதப்படும் கட்டுரையை ஆசிரியர் ஒருவரே படிக்கிறார்; இக்கட்டுரையையோ உலகின் எம்மூலையிலிருந்தும் ஒரு தமிழர் படிக்கக்கூடும்.

நிறைவாக

சிறுபாணாற்றுப்படையின் பாணன், தான் பெற்ற வளத்தை மறைத்து வைக்கவில்லை. எதிர்ப்பட்டவனுக்கு வழியைக் கூறினான். எனினும் நடக்க வேண்டியவன் வழி கேட்டவனே. இணையக் கருவிகளும் வழியைக் காட்டுவன. மாணவரைச் சுமந்து செல்வன அல்ல. எந்தக் கருவியைக் கையிலெடுக்குமுன்னும் ஆசிரியர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றே: 'இதனால் என் மாணவர் எதனைச் செய்வார்?' அதற்கு விடை கிடைத்தால் தாள் அட்டையும் போதும். கிடைக்காவிடில் ஊடாடு திரையும் வெறும் சுவரே.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரைச் சுற்றியுள்ள ஐந்து இடங்களின் பழைய பெயர்களைத் தொகுத்து, திறந்தநிலை வரைபடத்தின் துணையோடு வழிப்படம் ஒன்றை உருவாக்குக.

2. நீங்கள் பயன்படுத்தும் கட்டணமில்லாச் செயலி ஒன்றைத் தேர்ந்து, அது உங்களிடம் கேட்கும் விவரங்களைப் பட்டியலிடுக. அவற்றுள் தேவையற்றவை எவை எனக் கலந்துரையாடுக.

3. 'வகுப்பறைக்குத் திறன்பேசி தேவையா?' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

4. இணைய வசதியில்லாப் பள்ளியொன்றில் ஒரு பாடத்தை ஈடுபாட்டோடு கற்பிக்கும் திட்டத்தை எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.